படிகளை விழுங்கிய ரோடு

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் வங்கியின் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. கிளை மேலாளர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் டேப்பக்கா. கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்று நிச்சயம் இருக்கும். வீட்டுக் கடன் கேட்டு யாராவது விண்ணப்பம் போட்டால், அந்த வீட்டுக்குப் போய், மூலை முடுக்கெல்லாம் அளந்து, இது இவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்துநான்கு வருடமாக அதைத்தான் செய்கிறார், இன்னும் அலுக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அளவெல்லாம் முடிந்து கிளம்பும்போது, ரோட்டில் குந்தி உட்கார்ந்து, டேப்பை ரோட்டிலிருந்து வாசற்படியின் மேல் விளிம்பு வரை நிறுத்திப் பார்ப்பார். அந்த எண்ணைப் படிவத்தில் எழுத இடம் கிடையாது. எத்தனை ஜன்னல், குளியலறையில் என்ன ஓடு, அலமாரிக்குக் கதவு உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டு வைத்திருந்தவர்களுக்கு வாசல் எவ்வளவு உயரம் என்று கேட்கத் தோன்றவில்லை. அதனால் டேப்பக்கா ஓரத்தில் பென்சிலால், சென்டிமீட்டர் கணக்கில், "வாசல் 84" என்றோ "வாசல் 70" என்றோ எழுதி வைப்பார். தலைமை அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இவங்க என்ன ரகசிய எண் எழுதி அனுப்புறாங்களா?" என்று கேட்டதாகக்கூடச் செய்தி வந்தது.

வழக்கம் வந்த கதை இது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வீட்டுக்கு முழு மதிப்புப் போட்டுக் கொடுத்தார். தேக்குக் கதவு, பளபளவென்று தரை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றே மாதத்தில் ஒரு மழை. போய்ப் பார்த்தால் கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி படுத்துக்கொண்டு மிதக்கிறது. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து, கடன் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருக்கிறார். "எல்லாத்தையும் அளந்தீங்களேம்மா, தண்ணி எங்க வந்தா உள்ள வரும்னு அளந்தீங்களா?" என்று அவர் கேட்டது டேப்பக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து வாசலை அளக்காமல் அவர் எந்த வீட்டை விட்டும் வந்ததில்லை. இதனால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இருந்ததாக இருபத்திரண்டு வருடம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை காலை மேலாளர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலாளருக்கு அலுவலகத்தில் 'அவசரம்' என்று பெயர். பேனாவுக்கு மை வாங்குவதுகூட அவருக்கு அவசரமான விஷயம்தான். ஆனால் அன்றைக்கு முகத்தில் நிஜமான அவசரம் தெரிந்தது.

வங்கி கொடுத்த வீட்டுக் கடன் இருபது வருடத்தில் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்தவருக்குக் கொடுக்கப் பணம் ஏது? அதனால் ஆயிரக்கணக்கான கடன்களை ஒரே கட்டாகக் கட்டி, கடன் பத்திரமாக்கிச் சந்தையில் விற்றுவிடுவார்கள். பென்ஷன் நிதிகள் அதை வாங்கும். இந்த ஊரில் ஒருவர் கட்டும் மாதத் தவணை, எங்கோ ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியைக்கு மாத வருமானமாகப் போய்ச் சேரும். வருடா வருடம் நடக்கிற வியாபாரம்தான். இந்த வருடம் வாங்குகிறவர்கள் புதிதாய் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: பருவம் போகிற போக்கில், இன்னும் முப்பது வருடத்துக்குள் இதில் எத்தனை வீடு தண்ணீரில் நிற்கும்?

பதிலுக்காக ஒரு வரைபட நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். படம் வந்துவிட்டது. மேலாளர் அதைச் சுவரில் ஒட்டினார். ஊர் முழுக்கப் பச்சை. கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஏழாவது தெருவிலிருந்து பதினான்காவது தெரு வரைக்கும் பளிச்சென்று சிவப்பு.

"அறுநூத்தி நாப்பது வீடு. இதையெல்லாம் கட்டுலேர்ந்து உருவிடச் சொல்றாங்க. உருவிட்டா இனிமே அந்தத் தெருக்களுக்கு நாமளும் கடன் கொடுக்க முடியாது, காப்பீட்டுக்காரனும் கிட்ட வரமாட்டான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க, அன்னைக்கே முடிவு. அவசரம்!" என்றார் மேலாளர்.

டேப்பக்கா சிவப்புக்குள் ஒன்பதாவது தெருவைத் தேடிப் பிடித்தார். அங்கேதான் நாத்தனார் வீடு.

நாத்தனார் என்றால் கணவருடைய தங்கை. சீருடை தைக்கிறவள். கணவனை இழந்த பிறகு அந்த ஒரு வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டு, நாலு பள்ளிக்கூடத்துக்குத் தைத்துக் கொடுத்து நிமிர்ந்தவள். அண்ணிக்கும் அவளுக்கும் இருபத்தாறு வருடமாக ஏழாம் பொருத்தம். அண்ணி பொரித்தால் உப்பு அதிகம், அண்ணி புடவை கட்டினால் மடிப்பு கோணல். ஆனாலும் அவள் வீட்டில் ஒரு தலைவலி என்றால் முதலில் ஓடுவது அண்ணிதான், அங்கேயும் போய்ச் சண்டை போடுவார் என்பது வேறு விஷயம்.

அந்த நாத்தனார் வீட்டை விற்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு கடை, மேலே இரண்டு அறை. பெயர்ப் பலகையோடு சொந்தக் கடை என்பது அவளுக்கு இருபது வருட ஆசை. கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மீதிக்கு வழி காட்டாவிட்டால் கடை கைமாறிவிடும், செல்போன் விற்கிறவர் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். வீட்டை வாங்குவது பஸ் ஓட்டுகிற ஒருவரும் அவர் மனைவியும். அவர்களுக்குக் கடன் கொடுக்க வேண்டியது இதே வங்கி.

மத்தியானம் போன் வந்தது.

"அண்ணி, என் வீடு சிவப்பாமே! போன மாசம்தான் வெள்ளையடிச்சேன், எவன் கண்ணுக்குச் சிவப்பாத் தெரியுது?"

"அது படத்துல போட்ட சாயம்மா. தண்ணி வரும்னு அர்த்தம்."

"பதினெட்டு வருஷமா இருக்கேன், ரோட்டுல வந்திருக்கு, வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்ல. உங்க பேங்க்ல இத்தனை வருஷம் என்னதான் கிழிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

"பார்க்குறேன். போனை வை" என்றார் டேப்பக்கா. அவள் சொன்னதில் ஒன்று மனதில் மாட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் வந்திருக்கிறது, வீட்டுக்குள் வந்ததில்லை.

நேரே மேலாளர் அறைக்குப் போய் வரைபடத்தோடு வந்த அறிக்கையை வாங்கினார். நூற்றிருபது பக்கம். செவ்வாய்க்கிழமை மாலை நாற்பத்தேழாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் அது அகப்பட்டது. பெருமழையில் ஒன்பதாவது தெரு ரோட்டின் மேல் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று கணக்கு. சரி. ஆனால் வீடுகளின் வாசல் உயரம் தெரியாததால், எல்லா வீட்டுக்கும் நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரே உயரமா!" என்று டேப்பக்கா போட்ட கூச்சலில் காசாளர் எண்ணிக்கொண்டிருந்த கட்டை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "ஊர்ல இருக்குற அத்தனை வீட்டுக்கும் ஒரே உயரமா! அத்தனை பேருக்கும் ஒரே அளவுல செருப்பு வாங்கிக் கொடுப்பானா இவன்?"

"என்னக்கா, என்ன அவசரம்?" என்று மேலாளர் ஓடி வந்தார்.

"சார், வாசல் உயரம் நம்மகிட்ட இருக்கு சார்! எல்லா வீட்டுக்கும் இருக்கு! கீழ, பழைய படிவத்துல, ஓரத்துல!"

மேலாளருக்கு விஷயம் இறங்க அரை நிமிடம் ஆயிற்று. இறங்கியதும் அவர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கியதை அலுவலகமே பார்த்தது.

கீழ்த்தளத்துக் கோப்பறைக்கு ஒரு கோப்புக்காரர் உண்டு. ஒருவரும் கேட்காத காகிதங்களை முப்பது வருடமாக வரிசை குலையாமல் வைத்திருக்கிறவர். அறுநூற்று நாற்பது படிவம் வேண்டும் என்றதும் அவர் முகத்தில் பல்பு எரிந்தது. "கேட்டுட்டாங்கப்பா, கடைசியில கேட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினார். புதன் முழுக்கத் தூசியும் தும்மலும்தான். ஒருவர் எடுக்க, ஒருவர் படிக்க, ஒருவர் கணினியில் ஏற்ற, டேப்பக்கா மதியச் சாப்பாட்டையே மறந்தார். மங்கிப்போன பென்சில் எண் ஒவ்வொன்றும் வெளியே வர வர அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றேழு. எழுபது. இந்த வீட்டில் நாய் துரத்தியது, இந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாபகம்.

நடுவில் கோப்புக்காரர் கேட்டார்.

"அக்கா, சில வீட்டுக்கு ரெண்டு படிவம் இருக்கு. ரெண்டாவது தடவை கடன் வாங்கினவங்க. ரெண்டுலயும் அளவு வேற வேறயா இருக்கே, எதைப் போட?"

"எது பெருசோ அதைப் போடுங்க. ரெண்டாவது தடவை போகும்போது அவசரத்துல சாய்ச்சுப் பிடிச்சிருப்பேன்" என்றார் டேப்பக்கா. உற்சாகத்தில் தலைகூட நிமிரவில்லை.

வியாழன் மூன்று மணிக்குக் கணக்கு முடிந்தது. அறுநூற்று நாற்பதில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீடு தண்ணீருக்கு மேலே! நாத்தனார் வீட்டை முன்பு வைத்திருந்தவர் பத்தொன்பது வருடத்துக்கு முன் கடன் வாங்கியபோது எழுதிய படிவமும் கிடைத்தது. வாசல் 107. தண்ணீர் ஐம்பத்தைந்து, வாசல் நூற்றேழு. மேலாளர் மேசையைத் தட்டினார். கோப்புக்காரர் தன் செலவில் எல்லோருக்கும் தேநீர் சொன்னார், முப்பது வருடத்தில் அது முதல் தடவை.

டேப்பக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் பிடித்து ஒன்பதாவது தெருவுக்குப் பறந்தார். இதை நேரில் சொல்லி, "என்ன கிழிச்சீங்கன்னு கேட்டியே" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு வாய்ப்பு கிடைத்ததில்லை.

நாத்தனார் வாயில் ஊசியோடு வெளியே வந்தாள். டேப்பக்கா மூச்சு விடாமல் கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே, "இதோ பாரு, நூத்தி ஏழு!" என்று ரோட்டில் குந்தி உட்கார்ந்து டேப்பை நிறுத்தினார்.

அறுபது.

மறுபடி நிறுத்தினார். அறுபது. டேப்பைத் தட்டிப் பார்த்தார். படியை எண்ணினார். மூன்று.

"இந்த வீட்டுக்கு ஆறு படி இருந்துச்சே" என்றார்.

"இருந்துச்சு. மீதி மூணையும் ரோடு தின்னுடுச்சு" என்றாள் நாத்தனார், ஊசியை எடுத்துக் கழுத்துத் துணியில் குத்திக்கொண்டு. "ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே ஒரு அடுக்கு ஊத்திட்டுப் போறாங்க. நான் வந்தப்போ வண்டி ஏத்த பலகை போடணும். இப்ப பாதிப் பலகை போதும். ஏன் அண்ணி, முகம் இப்படிப் போச்சு?"

டேப்பக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சாய்த்துப் பிடித்த டேப் இல்லை. அவசரமும் இல்லை. இரண்டாவது தடவை போனபோதெல்லாம் ரோடு உயர்ந்திருந்தது, வாசல் அங்கேயே இருந்தது. எது பெரிதோ அதைப் போடு என்று தன் வாயாலேயே சொல்லி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டைப் பொய்யாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். நாளைக் காலை பதினொரு மணிக்கு அந்தப் பொய் சந்தைக்குப் போகும். எங்கோ இருக்கும் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை அதை நம்பிப் பணம் போடுவாள்.

"எல்லாம் போச்சு. என் அளவு அத்தனையும் பழசு. எந்தெந்த வருஷத்து ரோட்டுலேர்ந்தோ அளந்தது, எதுவும் சரியில்ல" என்றார்.

அண்ணி தோற்று உட்கார்ந்து நாத்தனார் இதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"எந்திரிங்க முதல்ல, லாரி வரும். நானும்தான் அளவு எடுக்குறேன். மூணாம் வகுப்புப் பிள்ளையோட அளவை வெச்சு எட்டாம் வகுப்புல தைப்பேனா? அதுக்காகப் பழைய நோட்டைக் கிழிச்சா போடுறேன்? பக்கத்துல தேதி இருக்கும். போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு, அப்ப எவ்வளவு வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சிடும். உங்க படிவத்துல தேதி இல்லையா?"

டேப்பக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். படிவத்தில் தேதி இல்லாமலா? தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது.

"ரெண்டு படிவம் இருக்குற வீடு!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். "வாசல் நகராது! ரெண்டு அளவுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் ரோடு வளர்ந்தது! ஏய், வா, வா, பஸ் போயிடும்!"

"நான் எதுக்கு, அடுப்புல பால் இருக்கு."

"அணைச்சுட்டு வா!"

அலுவலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்கள். ஒன்பதாவது தெருவில் நான்காம் எண் வீடு: பத்தொன்பது வருடத்துக்கு முன் 97, போன வருடம் 51. கோப்புக்காரர் கழித்துச் சொன்னார், நாற்பத்தாறு. பதினோராம் எண் வீடு: அன்று 84, பிறகு 38. நாற்பத்தாறு! இருபதாம் எண்: 70, 25. நாற்பத்தைந்து. நாத்தனார் வீட்டின் பழைய அளவு நூற்றேழு. நாற்பத்தாறைக் கழித்தால் அறுபத்தொன்று. சற்று முன் டேப் காட்டியது அறுபது.

"ஒரு சென்டிமீட்டர்! இத்தனை வருஷத்துல ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் தப்பு!" என்று டேப்பக்கா நாத்தனாரைக் கட்டிப் பிடித்துவிட்டார். கட்டிப் பிடித்ததைப் பற்றிப் பிற்பாடு இருவரும் பேசவே இல்லை.

"அம்பத்தஞ்சுக்கு மேலதானே அண்ணி அறுபது? அப்ப என் வீடு?"

"தப்பிச்சிடுச்சு. ஆனா மத்தவங்க கணக்கை முழுசா மாத்தணும். காலையில ஆறு மணிக்கு வா. உன் குரல் வேணும் எனக்கு."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்தார். நாத்தனார் கோப்புகளைப் பார்த்து எண்களைக் கூவினாள். துணிக்கடையில் பேரம் பேசிப் பழகிய குரல், கோப்பறையின் கடைசி மூலை வரைக்கும் போயிற்று. கோப்புக்காரர் இரட்டைப் படிவங்களைத் தேடி எடுத்தார். தெருவுக்குத் தெரு ரோடு வளர்ந்த உயரம் தனித்தனியாக வந்தது. ஏழாவது தெருவில் முப்பத்தெட்டு, பன்னிரண்டில் ஐம்பத்திரண்டு. நடுவில் வேறொரு கட்டிலிருந்து தவறி விழுந்த படிவங்களில் மூன்றாவது தெருவும் இருந்தது. முப்பத்தொன்று. டேப்பக்கா அதை ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டுத் தனியே வைத்தார். அவர் குடியிருப்பது மூன்றாவது தெருவில், படத்தில் நல்ல பச்சை.

பத்து ஐம்பதுக்குப் புதுக் கணக்கு வந்தது. தப்பிய வீடு ஐந்நூற்றுப் பன்னிரண்டு இல்லை. இருநூற்றுப் பதினான்கு.

"அக்கா, இந்த ரோட்டு விஷயத்தைச் சொல்லாம விட்டா என்ன? அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று மேலாளர் படியிறங்கி வந்து காதோடு கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு மேலேயும் ஒரு அவசரம் இருக்கிறது.

"மழைக்குத் தெரியும் சார்" என்றார் டேப்பக்கா.

கூட்டத்தில் பென்ஷன் நிதியிலிருந்து நரைத்த தலையோடு ஒரு அம்மாளும், வரைபட நிறுவனத்திலிருந்து மடிக்கணினியோடு ஒரு இளம் பொறியாளரும் வந்திருந்தார்கள். டேப்பக்கா எழுந்து முதலில் தன் தவறைச் சொன்னார். ஒளிக்காமல், எது பெரிதோ அதைப் போடச் சொன்னதையும் சேர்த்து. பிறகு ரோடு படிகளைத் தின்ற கதை. பிறகு தெருவாரியாகக் கழித்த கணக்கு.

இளம் பொறியாளர் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மேலாளர் கைக்குட்டையால் மூன்று தடவை முகத்தைத் துடைத்தார். அவள் திடீரென்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"மேடம், பதினாறு வருஷத்துக்கு முன்னாடி விமானத்துலேர்ந்து எடுத்த தரை உயரம் எங்ககிட்ட இருக்கு. இப்ப எடுத்ததோட ஒப்பிட்டா ஒன்பதாவது தெரு நாப்பது சென்டி உயர்ந்திருக்கு. நாங்க அதை இயந்திரத்தோட பிழைன்னு தள்ளிட்டோம்! பிழை இல்ல, ரோடு! நீங்க பென்சில்ல எழுதினது சரி! இதை நான் எங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லியே ஆகணும்!"

அறையே கலகலப்பாகிவிட்டது. பெரிய அறிக்கையில் இல்லாததைப் பென்சில் சொல்லிவிட்டது. நரைத்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பதினாலு வீட்டை நாங்க சேர்த்துக்குறோம். மிச்சத்துக்கு ரோட்டைச் சுரண்டி இறக்கச் சொல்லி நகராட்சியோட பேசலாம், அதுக்குத் தனியா நிதி இருக்கு. ஆனா ஒரு கேள்வி. ரோடு சிவப்புல மட்டுமா வளருது? பச்சையில வளரலையா?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். டேப்பக்காவுக்குக் காலையில் தனியே எடுத்து வைத்த அந்தப் படிவங்கள் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், யாரும் அவரைக் கேட்கவில்லை.

"வளருது" என்றார். "மூணாவது தெருவுல முப்பத்தொண்ணு. எல்லாப் பச்சையையும் மறுபடி அளக்கணும். மூணு மாசம் கொடுங்க. அந்தத் தெருவுல பதினாலாம் நம்பர் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"அது யாரோட வீடு?"

"என்னோடது. என் வீட்டை நானே மதிப்புப் போடக் கூடாதுன்னு விதி. அதனால வேற ஒருத்தர் வந்து போட்டார். அவருக்கு எங்க ஆபீஸ்ல 'கண்ணளவு'ன்னு பேரு. ஓரத்துல 'வாசல், நல்ல உயரம்'னு எழுதிட்டுக் காபி குடிச்சுட்டுப் போயிட்டார்."

நரைத்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார். பத்திரம் விற்றுப் போயிற்று. படிவத்தில் 'வாசற்படி உயரம், அளந்த தேதி' என்று அச்சடித்த கட்டம் வருமென்று அன்றே முடிவாயிற்று. மேலாளர் வாழ்க்கையில் முதன்முறையாக அவசரத்தைச் சொல்லாமல் செய்து காட்டினார். பஸ் ஓட்டுநர் தம்பதிக்கான கடன் கடிதம் மூன்றரைக்குக் கையெழுத்தாகி, நாலரைக்குக் கடையை விற்கிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. செல்போன் விற்கிறவர் வேறு இடம் பார்க்கப் போனார்.

ஐந்தரை மணிக்கு நாத்தனார் மூன்றாவது தெருவுக்கு வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி, தோளில் தையல் இஞ்ச் டேப். தன் வீட்டை அண்ணி அளக்கக் கூடாது என்பதால், மேலாளர் கையெழுத்துப் போட்ட தாளில் அளப்பவர் இடத்தில் அவள் பெயரை எழுதச் சொல்லித் தொந்தரவு செய்து வாங்கி வந்திருந்தாள். தையல் டேப்பின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது, அது போதும் என்று மேலாளரும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை கண்ணளவு இரும்பு டேப்போடு வந்து சரிபார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

வாசலில் டேப்பக்காவின் கணவர் நின்றிருந்தார். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கடிபடாது என்று நாளெல்லாம் சொல்கிற மனிதர். அவருக்கு விஷயம் முழுதும் தெரியும்.

"எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டார்.

"நம்ம தெருவுல தண்ணி முப்பது நிக்கும்னு கணக்கு" என்றார் டேப்பக்கா. "அதுக்கு மேல இருந்தா பச்சை."

நாத்தனார் ரோட்டில் மண்டியிட்டாள். டேப்பின் ஒரு நுனியைத் தார் மேல் அழுத்தி, மறு கையால் வாசற்படி விளிம்பில் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் எதிலாவது ஒரு குறை கண்டுபிடித்து உரக்கச் சொல்கிறவள் வாயைத் திறக்கவில்லை.

டேப்பக்கா பக்கத்தில் வந்து குனிந்தார். நாத்தனார் சட்டென்று கட்டைவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள், இதுவரை கேட்டிராத சின்னக் குரலில். "முப்பத்தி ரெண்டுன்னு எழுதிக்கட்டுமா? நம்ம வீடுதானே."

டேப்பக்கா அந்தக் கட்டைவிரலை மெல்ல விலக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஊரார் வாசலில் உட்கார்ந்தது போலவே தன் வாசலிலும் குந்தி உட்கார்ந்தார். இருவர் முகத்திலிருந்தும் கணவருக்குத் தெரிந்துவிட்டது.

"பத்தொம்பது" என்றார் டேப்பக்கா. "எழுதிக்கோ. பக்கத்துல தேதியைப் போடு."